வடகடலுக்குக் கட்டிய பெட்டி

1971ஆம் ஆண்டு தை மாதத்தில் எமது கல்லூரி விடுதியில் எனக்கு இடம் கிடைத்தபொழுது, கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றும் தபாலில் வந்து சேர்ந்தது. வேட்டி மூன்று, சட்டை நான்கு, சாரம் இரண்டு, துவாய் இரண்டு, படுக்கை விரிப்பு, தலையணை, சாப்பாட்டுக் கோப்பை, மூக்குப்பேணி எனச் சென்றது அது. அப்பட்டியல் போதாதெனக் கருதிய என் தாயார் பொரிவிளாங்காய் ஒரு தகரமும், நல்லெண்ணெய் இரண்டு போத்தலும், மழைக்காலத்துக்கென ஒரு போர்வையும், காய்ச்சல் வந்தாற் போர்க்கவென வேறொரு போர்வையும் சேர்த்துவிட்டார். அக்காலத்து விடுதி மேற்பார்வையாளர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். வாயிலிலிருந்து படுக்கை மண்டபம் வரை ஒவ்வொரு மாணவனும் தன் பெட்டியைத் தானே சுமந்து செல்லல் வேண்டும். தந்தையர் கைகொடுத்தல் ஆகாது. நான் அரைவழியில் றங்குப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்கலங்கி நின்றேன். பனையோலைப் பை ஒன்றை மட்டும் தோளிற் கொழுவிக்கொண்டு பின்னால் வந்த தீவகத்துப் பையன் ஒருவன் பெட்டியின் மறுபக்கப் பிடியைப் பற்றினான்.

"நீ அந்தப் பக்கம் பிடி" என்றான்.

தந்தையர்தாம் கைகொடுத்தல் ஆகாதேயன்றி மாணவர் கைகொடுத்தலைப் பற்றி ஒழுங்கில் ஒன்றும் கூறப்படவில்லை. மேற்பார்வையாளர் பார்த்தும் பாராதவர் போல நின்றார். அன்று தொடங்கிய நட்பு ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. தமது பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பாராதலின் இக்கட்டுரையில் அவரை நண்பர் என்றே குறிப்பிடுவேன்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின், 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நானும் மனைவியும் நோர்வே நாட்டுக் கரையோரமாக ஒரு கப்பற் பயணம் செய்யும் வாய்ப்புக் கிட்டியது. ஒஸ்லோவில் வாழும் எமது மகள் பயணச்சீட்டை வாங்கிவிட்டே எமக்கு அறிவித்தாள். பேர்கன் நகரிலிருந்து புறப்பட்டு, வடமுனை வட்டத்தைக் கடந்து, உருசிய எல்லைக்கு அண்மையிலுள்ள கிர்க்கனேஸ் வரை சென்று மீளும் பயணம் அது. வழியில் 34 துறைமுகங்கள். 1893ஆம் ஆண்டில் றிச்சார்ட் வித் என்னும் கப்பற் தலைவர் வெஸ்தரோலன் என்ற நீராவிக் கப்பலைத் துரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்பெஸ்ற் வரை செலுத்தித் தொடக்கிய தபாற் சேவையே இன்று உல்லாசப் பயணிகளையும் ஏற்றிச் செல்கின்றது. அந்நாட்டு மொழியில் அதன் பெயருக்கு விரைவு வழி என்பது பொருள். நள்ளிரவில் ஏதோவொரு சிறு துறையில் ஒதுங்கி, நாலு பெட்டிச் சாமானை இறக்கிவிட்டுப் புறப்படும் அக்கப்பலைப் பார்க்கையில், அந்நாட்டவர் 'விரைவு' என்று எதனைக் கருதினர் என்ற ஐயம் எனக்குண்டு.

"இந்த வயதில் வடகடல் எதற்கு?" என்று உறவினர் கேட்டனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் எம்மவர் மாலுமிகளோடு அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்த செய்தியைக் கூறி அவர்தம் வாயை அடைத்தேன். வாயை அடைப்பது எளிதாயிற்று; பெட்டியை அடைப்பதுதான் அரிதாயிற்று.

அதற்கொரு காரணம் உண்டு. என் வாழ்நாளில் இன்பத்தின் பொருட்டுப் பெட்டி கட்டியது அதுவே முதன்முறை. அதற்கு முன் நன்றாக நினைவிலிருக்கும் பெட்டி கட்டல் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு நிகழ்ந்தது. அன்று யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. சான்றிதழ்கள், மகளின் பால்மா, நகை, இரண்டு மாற்றுடை, சுவாமிப் படம் ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினோம். அலுமாரியின் மேற்றட்டிற் கட்டி வைத்திருந்த கடிதங்களை எடுக்க நினைவு வரவில்லை. அவ்வாறு கட்டிப் பழகியவன் எதனையும் விட்டுச் செல்ல அஞ்சுவான். ஆறு மாதம் திரும்பி வாரோம் என்பது போலப் பன்னிரண்டு நாட் பயணத்துக்குப் பொருள் குவித்தேன். கப்பற் தலைவரோடு உண்ணும் இரவுக்கென வேட்டியும் சால்வையும், மனைவிக்குக் காஞ்சிபுரச் சேலை இரண்டும் எடுத்துவைத்தேன். (பழைய ஆங்கில நாவல்கள் செய்த கேடு இது. அக்கப்பலில் எல்லோரும் பின்னற் சட்டையோடு வந்து உணவருந்திச் சென்றனர்.)

இந்நிலையில் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் 1986ஆம் ஆண்டில் நோர்வே சென்றவர். நோர்வேயின் கிழக்குக் கோடியில், வார்டோ என்னும் சிறு தீவுப் பட்டினத்தில், மீன் பதனிடும் சாலை ஒன்றில் வேலைக்கமர்ந்தார். முட்டையும் உண்ணாத சைவக் குடும்பத்துப் பிள்ளை நாள்தோறும் எட்டு மணி நேரம் மீனை வகிர்ந்துகொண்டு நின்றார். அவரோடு சென்ற எம்மவர் பெரும்பாலோர் பின்னர் தெற்கே ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்துவிட, அவர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். தீவகத்திற் பிறந்தவருக்குத் தீவு பிடித்துவிட்டது போலும்.

நான் படித்த பட்டியலைக் கேட்டுச் சிரித்தார். பிறகு தாமே ஒரு பட்டியல் சொன்னார்.

"மச்சான், உந்தத் தடிச்ச கோட்டை வீட்டிலை விட்டிட்டு வா. மூண்டு மெல்லிசு, ஒரு தடிப்பிலும் திறம். மேலோடை ஒட்டினபடி கம்பளி உள்ளுடுப்பு. பருத்தி பெனியன் ஒண்டும் வேண்டாம். அதுக்கு மேலை கம்பளிச் சட்டை. எல்லாத்துக்கும் மேலை காத்தும் மழையும் உள்ளை வராத மெல்லிய மேற்சட்டை. காதை மூடுற தொப்பி. கையுறை இரண்டு சோடி. ஒண்டு நனைஞ்சால் மற்றது. வேறை எதை மறந்தாலும் உதை மறந்திடாதை."

கையுறையை அவர் மூன்று முறை கூறினார். ஆடி மாதத்தில் இரண்டு சோடிக் கையுறை எதற்கென்று எண்ணிக்கொண்டு "சரி" என்றேன். வழுக்காத சப்பாத்து, கருங்கண்ணாடி, உறக்கத்துக்குக் கண்மறைப்பு, கடற்குமட்டலுக்கு மாத்திரை ஆகியனவும் அவர் பட்டியலில் இருந்தன. எமது நாட்டு மூன்றுமுட் செருகி அங்கே பொருந்தாது. அதற்கொரு இணைப்பி வேண்டும் என்றும், நாள்தோறும் உண்ணும் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள் என்றும் நினைவூட்டினார்.

மனைவி மகளின் சொற்கேட்டு, சேலைக்குள் அணியக் கம்பளிக் காற்சட்டையும் நீண்டகைக் கம்பளி உள்ளுடுப்பும் தருவித்துக்கொண்டாள். நானோ கனடாவிலிருந்து வந்த மைத்துனர் விட்டுச் சென்ற பஞ்சடைத்த கோட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ இருக்கும். இதனை ஊடுருவும் குளிரும் உண்டோ என்று தோன்றியது. கம்பளி உடலைக் கடிக்கும் என்பதால் வழக்கமான பருத்திப் பெனியன்களையே அடுக்கினேன். நண்பருக்கென எடுத்த புழுக்கொடியல், ஒடியல் மா, பினாட்டு, வறுத்திடித்த மிளகாய்த்தூள் எல்லாம் எட்டுக் கிலோவாயின. விமானத்தார் அனுமதித்த எடை மீறியது. இரண்டாம் சோடிக் கையுறையையும் மழை மேற்சட்டையையும் வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

பேர்கனில் மழை. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நகரம் அது. எம்மூர் மழைபோல அடித்துப் பெய்து ஓயாமல், நாள் முழுதும் மெல்ல நனைப்பது. கப்பல் புறப்படும் காட்சியைத் தவறவிடலாகாதென்று மேற்றளத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். மூன்று கிலோக் கோட்டு அன்றிரவு ஐந்து கிலோவாயிற்று. குளியலறையின் சூடேற்றிய தரையில் விரித்தும் இரண்டு நாள்வரை அது உலரவில்லை.

குளிரைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்து எத்துணைப் பிழையானது என்பதை அக்கப்பலிலேதான் கற்றேன். உடலின் வெப்பத்தைக் காப்பது துணியன்று. துணியிழைகளினிடையே அசையாது அடங்கி நிற்கும் காற்றேயாகும். அவ்விடத்தை நீர் பிடித்துக்கொண்டால், நீரானது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், உடுப்பே உடலின் பகையாகிவிடும். பருத்தி நனைந்தால் நீரைப் பற்றி வைத்துக்கொண்டு உடலோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் தொடுவதற்கு உலர்ந்தாற் போலிருக்கும். அடுத்தது காற்று. 15 கடல்மைல் வேகத்திற் செல்லும் கப்பல், காற்றில்லாத நாளிலும் மணிக்கு 28 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்கிறது. வெப்பமானி 10 பாகை செல்சியஸ் காட்டும் ஆடி மாதக் காலையில், தளத்தில் நிற்பவன் முகம் 7 பாகையைத்தான் உணரும். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனிக்கே காதைக் கட்டும் எம்மவருக்கு அது சிறிதன்று.

நான்காம் நாட் காலை 66 பாகை 33 கலையிலுள்ள வடமுனை வட்டத்தைக் கடந்தோம். அதனைக் கடந்தவர்க்குக் கடல்தேவன் வேடம் பூண்ட ஒருவர் பனிக்கட்டி நீரை அகப்பையால் முதுகினுள் ஊற்றுவது அக்கப்பல்களின் மரபு. எல்லோரும் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றனர், நானும் நின்றேன். கம்பளி உள்ளுடுப்பு அணிந்திருந்தோர் உதறிவிட்டுக் கோப்பி குடிக்கச் சென்றனர். என் பருத்திப் பெனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. உடை மாற்றச் செல்லாமல், வட்டத்தைக் காட்டும் உலோகக் கோளம் நிறுவிய சிறு தீவைப் பார்க்கவென்று பிடிவாதமாகத் தளத்தில் நின்றேன். அரைமணி நேரத்தில் விரல்களை மடக்க இயலவில்லை. சட்டைப் பொத்தானைப் பூட்ட முயன்றேன். விரல்கள் வேறொருவருடையவை போலிருந்தன.

அச்சொற்றொடர் என்னுடையதன்று. எங்கோ வாசித்தது என்று தோன்றிய மறுகணமே எங்கே என்பதும் நினைவுக்கு வந்தது.

1986இல் நண்பர் புறப்பட்டபொழுது அவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றவன் நான். நோர்வே குளிர்நாடு என்பதனால் புறக்கோட்டையிற் கடைகடையாக ஏறி இறங்கி, இருந்தவற்றுள் மிகத் தடித்த பஞ்சுக் கோட்டு ஒன்றைத் தெரிவு செய்தேன். அவர் கையிற் பணம் குறைவாயிருந்தது. பாதி நான் கொடுத்தேன். அக்கொடையை எண்ணிப் பல ஆண்டுகள் மனத்துள் மகிழ்ந்தும் இருக்கிறேன். 1987ஆம் ஆண்டு மார்கழியில் அவரிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. கோட்டு கடற்சாரலில் நனைந்து உறைந்து பலகைபோல் நிற்கிறதென்றும், இறப்பர்க் கையுறைக்குள் அணியும் பருத்திக் கையுறை நாள் முழுதும் ஈரமாகவே இருக்கிறதென்றும், மாலையில் தன் விரல்கள் வேறொருவருடையவை போலிருக்கின்றன என்றும் எழுதியிருந்தார். அவ்வாண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் நடந்த போரை அறிந்தோர்க்கு நாம் அப்பொழுது இருந்த நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. அயலில் இரண்டு வீடுகளில் செத்தவீடு. நான் அன்றிரவே பதில் எழுதினேன். "இங்கே நாம் படும் பாட்டுக்கு முன்னால் உன்னுடைய குளிரும் ஒரு குளிரா?" என்று எழுதினேன். அதற்குப் பின் வந்த கடிதம் எதனிலும் அவர் குளிரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நலமா என்று கேட்டார், பணம் அனுப்பினார், கல்லூரிச் செய்தி கேட்டார். 1995இல் நான் அலுமாரியில் விட்டு வந்தவை அக்கடிதங்களே.

மறுநாட் பிற்பகல் துரொம்ஸோவில் கப்பல் நான்கு மணி நேரம் நின்றது. நேரே கடைக்குச் சென்று கம்பளி உள்ளுடுப்பு ஒன்றும், மழை மேற்சட்டை ஒன்றும், கையுறை இரண்டு சோடியும் வாங்கினேன். விலையை ரூபாவில் மாற்றிப் பார்த்த மனைவி, வீட்டில் கழற்றி வைத்த மேற்சட்டையை நினைவூட்டினாளே தவிர வேறொன்றும் கூறவில்லை. கம்பளி கடிக்கவில்லை என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். இக்காலத்து மெல்லிய கம்பளி மூதாதையரைக் கடித்த கம்பளியன்று.

அப்பகுதியில் ஆடிப் பிற்பகுதி வரை ஞாயிறு மறைவதில்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மாலை நான்கு மணி வெயில். கண்மறைப்பின்றி உறங்கியோர் மறுநாள் உணவு மேசையில் கண்சிவந்திருந்தனர். மனைவிக்கு வேறொரு சிக்கல். விளக்கு வைக்கும் வேளை எது? அறையில் நெருப்பேற்றல் ஆகாதாதலின் விளக்குப் பேச்சே இல்லை. ஆயினும் அந்திப் பொழுது வராமல் அந்தி வழிபாடு செய்வது எங்ஙனம்? முடிவில் மணிக்கூட்டையே ஞாயிறாகக் கொண்டு ஆறு மணிக்குத் திருநீறு அணிந்தாள்.

பெட்டி கட்டுவதிற் பிழைவிட்டவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்ற ஆறுதலும் அவ்வழியிலேதான் கிடைத்தது. பிறிட்ஜோவ் நான்சன் தமது பிராம் என்னும் கப்பலில் 1893 ஆடியில் இதே வார்டோத் துறையிலிருந்து வடதுருவம் நோக்கிப் புறப்பட்டவர். 1895இல் கப்பலை விட்டு இறங்கி, ஜொஹான்சன் என்ற துணைவரோடு பனிமேல் நடந்தபொழுது, ஓநாய்த் தோலுடை மிகையான வெப்பந்தரும் எனக் கருதிக் கப்பலிலேயே விட்டுச் சென்றார். அணிந்து சென்ற கம்பளி உடை வியர்வையில் ஊறி உறைந்து கவசம்போலாகி, சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கிற்று. ஆகவே கம்பளியும் மந்திரமன்று. வியர்க்கும் முன்னரே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். மூன்று மெல்லியதாக உடுத்துவது அதன் பொருட்டே. அவ்விருவரும் 86 பாகைக்கு மேலே சென்று மீண்டு, 1896 ஆவணியில் வார்டோவிலேயே கரையிறங்கினர்.

வடக்கு நோக்கிச் செல்லும் கப்பல் வார்டோவைத் தொடுவது விடியற்காலை மூன்று மணியளவில். ஆதலால், கிர்க்கனேஸ் சென்று திரும்பும் கப்பலில் பிற்பகலிற் சந்திப்பதாக நண்பரோடு பேசியிருந்தோம். ஒரு மணி நேரமே கப்பல் நிற்கும். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மணி நேரம். அதில் எதனைக் கூறுவது என்பதை இரண்டு நாளாக மனத்துள் அடுக்கியும் கலைத்தும் வைத்திருந்தேன். அவ்வூரில் ஆடி மாதத்துச் சராசரி வெப்பமே 10 பாகை அளவுதான். கம்பளி உள்ளுடுப்பு, கம்பளிச் சட்டை, மழை மேற்சட்டை, காதுத் தொப்பி, கையுறை என அவர் சொன்ன பட்டியலை ஒன்றும் விடாமல் அணிந்துகொண்டு இறங்கினேன்.

அவர் அரைக்கைச் சட்டையோடு நின்றார்.

"இண்டைக்கு நல்ல வெயிலெல்லே!" என்றார். தலை முழுதும் நரைத்திருந்தது. கட்டித் தழுவிய பின்னரே கவனித்தேன். அரைக்கைச் சட்டைதான், ஆயினும் இரு கைகளிலும் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. நான் அதனைப் பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

"அது முதல் இரண்டு குளிரோடை வந்தது, மச்சான். காத்துப் பட்டால் விரல் வெளுத்துப் போகும். உடம்புக்குக் கோடை, இதுக்கு மட்டும் எந்த நாளும் மாரி."

"நான் எண்பத்தேழிலை ஒரு கடிதம் எழுதினன்..." என்று தொடங்கினேன்.

அவர் உடனே பதில் கூறவில்லை. கடலைப் பார்த்தார். "நீ எழுதினதிலை பிழையில்லை. அண்டைக்கு நீங்கள் இருந்த இடம் அப்பிடி. ஆனால் வாசிச்ச அண்டு நான் அழுதனான்" என்றார். பின்னர் என் மேற்சட்டையின் கழுத்துப் பட்டியை விலக்கி உள்ளே பார்த்தார். "கம்பளிதான். பேந்தென்ன! அந்தக் கோட்டு?"

"கப்பலிலை காயுது" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அவர் 1986ஆம் ஆண்டுக் கோட்டை எண்ணிச் சிரித்தாரோ, மைத்துனரின் கோட்டை எண்ணிச் சிரித்தாரோ, நான் கேட்கவில்லை. பழைய கதைகளில் மிகுதி நேரம் சென்றது. விடுதிச் சமையற்காரரின் சாம்பார், இந்துமன்றப் பேச்சுப் போட்டி, இறந்துபோன வகுப்புத் தோழர் எனப் பேசிக்கொண்டிருக்கையிற் கப்பல் ஊதிற்று.

எட்டுக் கிலோப் பையை மனைவி கொணர்ந்து வைத்தாள். பனங்காய்ப் பினாட்டின் மணம் பைக்கு வெளியிலும் வந்தது. அவர் குனிந்து தூக்க முயன்றார். கையுறைக்குள் விரல்கள் பிடியை இறுக்கிப் பற்றவில்லை. மோட்டார் வண்டி சற்றுத் தூரத்தில் நின்றது. நான் ஒரு பிடியைப் பற்றினேன்.

"நீ அந்தப் பக்கம் பிடி" என்றேன்.

இடையில் ஒரு முறை கீழே வைத்து இளைப்பாறினோம்.